குருத்தோலையும் மஞ்சள் காதுக் கிளியும்

குருத்தோலை ஞாயிறன்று நம் கையிலிருக்கும் ஓலை எந்த மரத்திலிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? மந்திரித்த ஓலையை ஏந்திப் பவனி செல்கிறோம். திருப்பலி முடிந்ததும் அதைச் சிலுவையாகவும், தம்பி தங்கையர் கேட்டால் கிளியாகவும் பின்னுகிறோம். வீட்டில் சுரூபத்தின் பின்னால் செருகி வைக்கிறோம். மறு ஆண்டு விபூதிப் புதனுக்கு முன் கோயிலில் திரும்பக் கொடுத்தால், அது சாம்பலாகி நம் நெற்றிக்கே வந்து சேர்கிறது. ஆக, ஓலையின் பின்கதை நமக்கு நன்றாகத் தெரியும். முன்கதைதான் தெரியாது. அந்த முன்கதையை எண்ணிப் பாராததால் ஒரு நாட்டில் ஒரு கிளியினமே அற்றுப்போக இருந்தது.

அந்நாடு தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா. கத்தோலிக்க மக்கள் மிகுந்த நாடு. அதன் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் மெழுகுப் பனை என்றொரு மரம் வளர்கிறது. தண்டின்மேல் மெழுகு படிந்திருப்பதால் அப்பெயர். நம் பனை 100 அடி வளர்ந்தாலே அண்ணாந்து பார்க்கிறோம். மெழுகுப் பனையோ 200 அடிவரை உயரும். பனைக் குடும்பத்தில் இதைவிட உயரமான மரம் உலகில் இல்லை. வளர்வது மிக மெதுவாக.

இப்பனை பட்டுப்போய் நிற்கும்போது தண்டில் பொந்து விழும். அந்தப் பொந்தில்தான் மஞ்சள் காதுக் கிளி கூடு வைக்கும். பச்சை உடல், கன்னத்தை மூடிய மஞ்சள் இறகு, முழ நீளத்திற்குச் சற்றுக் குறைந்த உருவம். மரம் இல்லையேல் கிளி இல்லை.

தலைமுறை தலைமுறையாக அம்மலை மக்கள் குருத்தோலை ஞாயிறுக்கு இம்மரத்தின் ஓலையையே வெட்டி வந்தார்கள். முதிர்ந்த மரத்தில் யார் ஏறுவது? தரையோடு நிற்கும் இளங்கன்றின் வெளிர்மஞ்சள் குருத்துகளே கைக்கு எட்டும்; பார்க்கவும் அழகு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாமரமும் வேப்பமரமும் ஒரு கிளையை வெட்டினால் வேறு பக்கம் துளிர்க்கும். பனை வகைகளுக்கு உயிர் முழுவதும் உச்சியில் இருக்கும் ஒரே மொட்டில்தான். அதிலிருந்தே ஒவ்வோர் ஓலையாக வெளிவரும். குருத்துகளைத் திரும்பத் திரும்ப அறுத்தால் கன்று நலியும். மொட்டில் வெட்டு விழுந்தால் மரம் முடிந்தது.

பழியெல்லாம் பவனியின்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். முளைத்து வந்த கன்றுகளை மாடுகள் தின்றன. வேட்டையும் இருந்தது. ஆயினும் எஞ்சிய கன்றுகளிலும் பண்டிகை கை வைத்தது. புல்வெளியில் கிழப் பனைகள் நின்றன. அவற்றுக்குப் பின் வரப் பிள்ளைகள் இல்லை.

1985இல் கொலம்பிய அரசு மெழுகுப் பனையை நாட்டு மரமாக அறிவித்து, வெட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. அதன் பின்னும் ஓலை கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 1999இல் பறவை ஆய்வாளர்கள் ரோன்செஸ்வாயெஸ் என்ற சிற்றூரின் அருகே ஒரு கிளிக்கூட்டத்தைக் கண்டார்கள். எண்ணிப் பார்த்தால் 81 கிளிகள்! அற்றுப்போயிருக்குமோ என்று பலரும் அஞ்சிய இனம் அது. பின்னர் ஹர்தீன் என்ற இன்னொரு மலையூரின் பக்கமும் இக்கிளிகள் அறியப்பட்டன. ஊர்ச் சதுக்கத்தில் அமலோற்பவ அன்னையின் பெரிய கற்கோயில் ஓங்கி நிற்கும் ஊர் அது.

பறவை காப்போரும் அரசும் திருச்சபையும் கைகோத்தபோதே நிலைமை மாறியது. மெழுகுப் பனைக்குப் பதிலாகத் தோட்டத்தில் வளர்க்கும் வேறு ஓலைகளையும் மக்காச்சோளத் தாள்களையும் கொண்டுவரும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. வெட்டிய ஓலைக்கு மாற்றாக வேரோடு கூடிய கன்றையே பவனிக்கு எடுத்துவரும் வழக்கமும் சில இடங்களில் தோன்றியது. கூடுகளுக்குக் காவல் கிடைத்தது, பனங்கன்றுகள் நடப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

ஓலை மாறினால் பண்டிகையின் சிறப்புக் குறையாதா என்று பெரியவர்கள் கேட்கலாம். வேதாகமத்தையே பார்ப்போம். ஆண்டவர் யெருசலேமுக்குள் நுழைந்தபோது மக்கள் குருத்தோலை ஏந்தினார்கள் என்பவர் அருளப்பர் ஒருவரே. மத்தேயு மரக்கிளைகள் என்கிறார். மாற்கு வயல்களில் வெட்டிய தழைகள் என்கிறார். லூக்காஸ் கிளையைப் பற்றிச் சொல்லவே இல்லை. வழியில் விரித்த மேலாடைகளை மட்டும் சொல்கிறார். இத்தாலியில் ஒலிவக் கிளையும், குளிர்நாடான போலந்தில் மொட்டு விட்ட வில்லோக் கிளையும் மந்திரிக்கப்படுகின்றன. அங்கெல்லாம் பண்டிகை குறைந்துவிடவில்லை. உபாகமமோ, பகைவர் நகரை முற்றுகையிடும் போர்க்காலத்திலும் கனி தரும் மரத்தில் கோடரி வைக்காதே என்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நம் பனை மெழுகுப் பனையைப்போல் அருகிப் போய்விடவில்லை. ஆனாலும் செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் எத்தனையோ பனை விழுந்துவிட்டது. 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. விதை போட்ட பனை பாளை விடவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒவ்வொரு தவக்காலத்திலும் வடலியின் குருத்தைச் சீவினால் அது எப்போது மரமாவது? தென்னைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பச்சை வெட்டின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும்.

கணக்கும் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஒரு பனையோலையில் 60 முதல் 80 வரை மடிப்புகள் உண்டு. ஆளுக்கு ஒரு மடிப்பு என்றால் ஆயிரம் பேர் பவனிக்குச் சுமார் 15 ஓலை போதும். (யாருடைய ஓலை உயரம் என்று பையன்கள் போட்டி போடுவது நின்றுவிடும். போகட்டும்.) தவக்காலம் பதநீர்க் காலமும் ஆகும். காலையும் மாலையும் மரமேறுகிறவரிடம் முன்னதாகச் சொல்லி உரிய கூலி கொடுத்தால், வளர்ந்த பனைகளிலிருந்து மரத்துக்கு ஒன்றாக, மொட்டுக்குச் சேதமின்றி எடுத்துத் தருவார். எந்த மரம் தாங்கும், எது தாங்காது என்பது அவருக்கே தெரியும். இதைப் பங்குப் பேரவையில் பேசுவதென்றால் விபூதிப் புதன் வாரத்திலேயே பேச வேண்டும். குருத்தோலைக்கு முந்திய சனிக்கிழமைக்குள் அரிவாள் வடலிக்குப் போயிருக்கும்.