பிரசவ அறையில் மாணவருக்கு ஒரு பாடம்

மகப்பேற்று விடுதிக்குப் பயிற்சிக்கு வரும் வைத்திய மாணவரின் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். இத்தனை பிரசவங்களைப் பார்த்தாயிற்று, இத்தனைக்குக் கைகொடுத்தாயிற்று என்று அதில் கையொப்பம் வாங்க வேண்டும். கருப்பை வாய் எத்தனை சென்ரிமீற்றர் திறந்துள்ளது, சிசுவின் இதயத் துடிப்பு என்ன என்பவை அவருக்குத் தெரியும். கட்டிலில் கிடப்பவள் எதற்காகப் பயப்படுகிறாள் என்று கேட்டறிந்ததற்குக் கையொப்பம் வாங்கும்படி அவரிடம் சொல்வோர் குறைவு.

இது வெறும் இரக்கப் பேச்சல்ல, சகோதரிகளே. பயம் மிகுந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கும். அது கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்திப் பிரசவத்தை நீளச் செய்யக்கூடியது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர வைத்தியசாலை ஒன்றில், ஜோன் கெனல் முதலிய வைத்தியர்கள் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. முதற் பிரசவத்துக்கு வந்த 616 பெண்களை மூன்று பிரிவாக வைத்து ஒப்பிட்டார்கள். முதற் பிரிவினரின் பக்கத்தில் ஒரு பெண் இருந்து, கையைப் பற்றி, நடப்பதை விளக்கித் தைரியம் சொன்னாள். இரண்டாம் பிரிவினரின் அறையிலும் ஒருத்தி இருந்தாள். ஆனால் ஓரமாக இருந்து குறிப்பெடுத்தாளே தவிர, பேசவில்லை. மூன்றாம் பிரிவினருக்கு வழமையான கவனிப்பு மட்டுமே. சிசேரியன் சத்திரசிகிச்சை மூன்றாம் பிரிவில் நூற்றுக்கு 18 பேருக்கும், இரண்டாவதில் 13 பேருக்கும், முதலாவதில் 8 பேருக்குமே தேவைப்பட்டது.

என்னைச் சிந்திக்க வைத்தது அந்த நடுப் பிரிவுதான். வாய் திறவாத ஒருத்தி அறையில் இருந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்! (பேரீச்சை மரத்தடியில் தனியே நோவுற்ற மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கும் ஆறுதல்தான் முதலில் வந்தது, நீரும் கனியும் அதன் பிறகே.)

பெரிய வைத்தியர் வந்து போவார். தாதி பல கட்டில்களுக்கு ஓட வேண்டியவர். ஓரிடத்தில் நிற்க அவகாசமுள்ளவர் மாணவரே. பத்துப் பிரசவங்களை எட்டிப் பார்ப்பதைவிட, நோவு தொடங்கியது முதல் பிள்ளையை மார்பில் கிடத்தும் வரை ஒரு தாயோடு அவர் இருப்பது மேல். தொடுமுன் அனுமதி கேட்பதும், போர்வையைத் தேவையான அளவு மட்டும் விலக்குவதும் இந்தப் பாடத்தில் அடங்கும். ஆண் மாணவரானால் இது இன்னும் முக்கியம். தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க இடமளிக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. மாணவர் நிற்கிறார் என்பதற்காக உம்மாவையோ சகோதரியையோ வெளியே அனுப்புவது தவறு.

பிரசவத்தோடு பாடம் முடிவதில்லை. தாயின் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் பத்துக் கேள்விகளைத் தொகுத்தார்கள். சிரிக்க முடிகிறதா என்று தொடங்கும் அவற்றில் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்க யாருக்கும் நாக்கு எழாது. மாணவப் பருவத்தில் கேட்டுப் பழகாதவர், பின்னர் வைத்தியராக வந்தும் பிள்ளையின் நிறையைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.