வன்னீரும் மென்னீரும்

நுவரெலியாவிலும் அட்டனிலும் விளையும் தேயிலை, அவ்விடத்து ஊற்றுநீரிற் பொன்னிறச் சாயந் தரும். அதே தேயிலை யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரில் நிறங்கருகும்; மேலே மெல்லிய ஏடும் படரும். குற்றம் இலையினதன்று, நீரினதே.

மலைநாட்டுப் பாறைகள் எளிதிற் கரைவனவல்ல. ஆதலின் அங்குள்ள நீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்து நிலமோ சுண்ணக்கல். காபனீரொட்சைட்டுக் கலந்த மழைநீர் அதனைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றிற் சேர்க்கின்றது. இதுவே வன்னீர்.

வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரையாது. கல்சியத்தோடு கூடி அழுக்காய்த் திரண்டு வீணாகும். கேத்தலின் உட்புறத்திற் படியும் வெண்படிவு வெப்பத்தைத் தடுத்தலால் விறகும் மின்சாரமும் விரயமாகும். சிறு வருவாயுடைய இல்லங்கட்கு இஃது அன்றாட இழப்பாகும்.

இதற்குப் பரிகாரம் அடுக்களையிலேயே உண்டு. நீரைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்து, ஆறவிட்டுத் தெளிவை வடித்தெடுப்பின் தற்காலிக வன்மை நீங்கும். கரைந்திருந்த சுண்ணம் காபனேற்றாய் அடியிற் படிந்துவிடும். அத்தெளிவை மீண்டும் கொதிக்கவைத்தே தேநீர் ஊற்றல் வேண்டும். சல்பேற்று, குளோரைட்டு உப்புக்களால் ஆகும் நிலையான வன்மை கொதித்தலால் நீங்காது. அதற்குச் சலவைச்சோடா உதவும். எனினும் அது துணி தோய்த்தற்கே உரியது, குடிநீரிற் கலத்தற்குரியதன்று. கூரையில் விழும் மழைநீரைச் சேமித்தல் இவற்றினும் எளிது. அஃது இயல்பாகவே மென்னீர்.

மலைச்சாரலிற் குளிரிலும் மழையிலும் நின்று தொழிலாளர் கொய்யும் கொழுந்தின் பயன், நீரறிந்து காய்ச்சுவோர்க்கே முழுமையாய்க் கிட்டும்.