கொடி நாளுக்கு மறுநாளும்…

நாம் இரவில் அச்சமின்றி உறங்கி, அதிகாலையில் பாங்கொலி கேட்டு எழுகிறோம். இந்த நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் யாவர் என்று என்றேனும் சிந்தித்ததுண்டா?

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நிகழ்ந்த மோதலில் மேஜர் முகுந்த் வரதராஜன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. சென்னை பெசன்ட் நகர் மயானத்தில் முழு இராணுவ மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு நடைபெற்றது. மறு ஆண்டு குடியரசு தினத்தன்று அவருக்குரிய அசோக சக்கர விருதை அவர்தம் துணைவியார் பெற்றுக்கொண்டார். விருது பெருமைக்குரியதே. எனினும், தந்தையை இழந்த ஒரு சிறுமிக்கு அது ஈடாகுமா?

நம் சமுதாயத்தின் மைந்தரான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானையும் இங்கு நினைவுகூர்வோம். 1947இல் நாடு பிரிந்தபோது அவர் இந்தியாவையே தம் நாடாகத் தேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜங்கர் எதிரிகளிடம் வீழ்ந்தது. அதனை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என உறுதி பூண்டு, 1948 மார்ச்சில் மீட்டும் காட்டினார். அதே ஆண்டு ஜூலை 3 அன்று பீரங்கிக் குண்டுக்கு இரையானார். மணம் முடிக்காத அவர், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைக் குழந்தைகளின் கல்விக்கே செலவிட்டவர். மகாவீர் சக்கர விருது பெற்ற அம்மாவீரர் டெல்லி ஜாமிஆ மில்லியாவின் அடக்கத்தலத்தில் துயில்கிறார். 2020 டிசம்பரில் அவருடைய கப்ரு சேதமுற்றிருந்த செய்தி வெளியானபோதுதான் பலருக்கு அவர் நினைவே வந்தது!

நம் தேசப்பற்றை எவரேனும் ஐயுறும்போது மட்டும் உஸ்மானின் பெயரையும், 1965 போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் பெயரையும் எடுத்துக் காட்டுகிறோம். அவர்கள் நம் வாதத்திற்குச் சான்றிதழ்கள் அல்லர். நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். பத்ரையும் உஹதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் மதரஸாக்களில் இவர்களின் வரலாற்றுக்கும் ஒரு நாழிகை ஒதுக்கலாகாதா?

மறைந்தோரைப் போற்றுவது எளிது. இருப்போரைப் பேணுவதே கடினம். சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை எட்டும் முன்பே ஓய்வு பெற்று, வேறு பிழைப்பைத் தேட வேண்டியவராகின்றனர். தியாகராய நகர்க் கடை வாயிலிலோ மயிலாப்பூர் வங்கி வாசலிலோ காவல் நிற்பவர், ஒரு காலத்தில் பனிமலையில் நாட்டைக் காத்தவராக இருக்கக்கூடும். அவரிடம் முகமலர்ச்சியுடன் இரண்டு வார்த்தை பேசுவதற்குப் பொருட்செலவு ஏது?

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தோர் ஆகியோரின் நலனுக்கே செல்கிறது. நம் இல்லத்துச் சிறார்களின் கையாலேயே அந்நிதிக்கு வழங்கச் செய்வோம். அத்துடன் நில்லாது, நம் தெருவில் படைவீரர் குடும்பம் ஒன்று இருப்பின், சாதி சமயம் பாராது அதன் இன்ப துன்பங்களில் பங்கேற்போம். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் நமக்கு எவ்வளவு வலியுறுத்தியுள்ளது! நன்றி மறவாமை ஒரு நாள் சடங்கன்று. அது நாள்தோறும் ஆற்ற வேண்டிய கடமையாகும்.