நோத்ர தாம் கூரை எழும்பிய விதம்

பாரிஸ் மாநகரத்து நோத்ர தாம் தேவாலயம் முற்றிலும் கல்லால் ஆனது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருந்தோம். 2019-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி மாலை அது பற்றி எரிந்தபோதுதான், அதன் கல் வளைவுகளின் தலைக்கு மேலே மாபெரும் மரக்கூரை ஒன்று மறைந்து நின்றது உலகத்துக்குத் தெரிந்தது. பிரெஞ்சு மக்கள் அதற்குக் 'காடு' என்றே பெயர் வைத்திருந்தனர். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வெட்டிய ஓக் மரங்களால் ஆன அந்தக் காடு ஒரே இரவில் கரியாயிற்று. வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் 1859-ல் அதன்மீது எழுப்பியிருந்த 96 மீட்டர் உயரக் கூர்முனைக் கோபுரமும் தீயில் ஒடிந்து, வளைவுகளைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது.

மறுநாளே ஜனாதிபதி மாக்ரோன், ஐந்து வருஷத்தில் கட்டி முடிப்போம் என்று அறிவித்தார். கேட்டவர்களில் பலர் நகைத்தார்கள். நகைப்பதற்குக் காரணமும் இருந்தது. ஷார்த்ர் தேவாலயத்தின் மரக்கூரை 1836-ல் எரிந்தபோது, அந்நாட்டார் அதை இரும்பால் மாற்றி அமைத்தனர். முதல் உலக யுத்தத்தில் பீரங்கிக் குண்டுகளால் எரிந்த ரைம்ஸ் தேவாலயத்துக்கோ கான்கிரீட்டுக் கூரை போட்டனர். இப்போது மட்டும் மரம் எதற்கு? அத்தனை மரம் எங்கே கிடைக்கும்? கோடாரி பிடித்துச் செதுக்க யாருக்குத் தெரியும்? கண்ணாடிக் கூரை போடலாம், மேலே தோட்டம் வளர்க்கலாம் என்றெல்லாம் நூதனமான யோசனைகளும் பல திக்குகளிலிருந்து வந்தன. கடைசியில் 2020 ஜூலையில், பழையபடி ஓக் மரத்திலேயே கட்டுவது என்று முடிவாயிற்று.

அந்த முடிவைச் சாத்தியமாக்கியது ஒரு பழைய அளவுக் கணக்கு. தீ விபத்துக்கு ஐந்து வருஷம் முன்னதாக, 2014-ல், ரெமி பிரமோன், ஸெட்ரிக் திராந்தஸோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் அந்த இருண்ட கூரைக்குள் ஏறி, உத்தரம் உத்தரமாக, பொருத்துப் பொருத்தாக அளந்து படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் லேசர்க் கருவியால் கட்டடம் முழுவதையும் அளந்திருந்தார். தம் உழைப்பு எதற்குப் பயன்படப் போகிறது என்று அறியாமலே அவர் 2018-ல் காலமானார். அப்போது யாரும் கேட்காத வேலை அது. அதைச் செய்யாமலிருந்தால் 'பழையபடியே' என்ற சொல்லுக்கு அர்த்தமே இருந்திராது. புனரமைப்பின் தலைமைக் கலைஞர்களுள் பிரமோனும் ஒருவரானது மிகவும் பொருத்தமே.

வேலைக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றி, தனி ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார்கள். முன்னாள் ராணுவத் தலைமை அதிகாரியான ஜெனரல் ஜார்ஜலன் அதன் தலைவரானார். முதலிரண்டு வருஷங்கள் கட்டுவதில் அல்ல, விழாமல் காப்பதிலேயே கழிந்தன. தீயில் உருகிப் பின்னிக்கொண்ட பழைய சாரத்தின் 40,000 இரும்புத் துண்டுகளை அறுத்து இறக்குவதற்கே 2020 நவம்பர் ஆகிவிட்டது. ஈயத் தூசும் கொள்ளைநோயும் நடுவில் வேலையை நிறுத்தின.

ஆனால் மரங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஓக் மரத்தைச் சாறு ஏறுமுன், அதாவது மார்ச்சு மாதத்துக்குள் வெட்டியாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஒரு வருஷம் போயிற்று. ஆகவே 2021-ன் தொடக்கத்திலேயே, கோபுரத்துக்கென்று சுமார் 1,000 மரங்களை வெட்டத் தொடங்கினர். சர்க்கார் காடுகளும் தனியார் காடுகளும் அவற்றை இலவசமாகவே தந்தன. மொத்தத்தில் ஏறக்குறைய 2,000 மரங்கள் தேவைப்பட்டன.

கோபுரத்தின் மரங்களை வாளால் அறுத்து உலர்த்தினார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம் அதுவே. பெரிய கூரைக்கு மட்டும் இடைக்காலத்து முறையைக் கைக்கொண்டார்கள். பச்சை மரத்தை அகன்ற வாயுள்ள கோடாரியால் நாற்புறமும் செதுக்கி, ஒரு மரத்திலிருந்து ஓர் உத்தரம் எடுத்தார்கள். இதற்கென்றே அல்சாஸ் பகுதியில் ஒரு பட்டறை அறுபது கோடாரிகளை அடித்துக் கொடுத்தது. யாரும் அண்ணாந்து பார்க்க முடியாத கூரைக்கு இத்தனை சிரமம் வீண் ஆடம்பரம் அல்லவா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வாள் மரத்தின் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். கோடாரி நார் ஓடும் வழியே ஓடும். தவிரவும், கையால் செதுக்குவதை மறந்துவரும் ஒரு தலைமுறைக்கு அது பள்ளிக்கூடமாகவும் அமைந்தது.

இப்படிச் செதுக்கிய மரங்களில் எதுவும் துல்லியமான நேர்க்கோடாக இராது. இலேசான வளைவும் திருகலும் உள்ள இரண்டு மரங்களை மயிரிழை இடைவெளியின்றி இணைப்பது எப்படி? பட்டறைத் தரையில் கூரைச் சட்டத்தின் முழு உருவத்தையும் நிஜ அளவிலேயே கோடுகளாக வரைகிறார்கள். அதன்மேல் மரங்களை அடுக்கி, தூக்குநூல் விட்டு, ஒன்றின் வடிவத்தை மற்றொன்றின்மீது குறிக்கிறார்கள். பிறகே கழுந்து செதுக்கி, துளை குடைந்து, மரமுளை அடிக்கிறார்கள். பிரெஞ்சுத் தச்சர்களின் இந்தக் கோட்டு வித்தையை யுனெஸ்கோ 2009-ல் மானிட குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த ஏற்பாட்டில்தான் காலக்கெடுவின் ரகசியமே இருந்தது. எந்தப் பகுதியையும் முதன்முறையாக ஆகாயத்தில் பொருத்திப் பார்க்கவில்லை. கோபுரத்தைத் தாங்கும் அடிப்பீடம் சுமார் 80 டன் எடை. அதை நாட்டின் கிழக்கே பிரியே என்னும் ஊரில் முழுமையாகக் கூட்டி நிறுத்தி, சரிபார்த்து, கழற்றி, பாரிஸுக்கு அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் அது தேவாலயத்தின்மீது ஏறியது. தவறு இருந்தால் அது தரையிலே தெரியட்டும். நூறு மீட்டர் உயரச் சாரத்தின்மேல் தெரிய வேண்டாம் என்பது அவர்கள் கட்சி.

கூரைச் சட்டங்களுக்கு வேறொரு சங்கடம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு டன் எடையுள்ள பெரிய முக்கோணம். தேவாலயமோ நதி நடுவே ஒரு தீவில் இருக்கிறது. ஆகவே 2023 ஜூலையில் முதற்சட்டங்கள் ஸேன் நதிவழியே படகில் வந்தன. எண்பது மீட்டர் உயரப் பாரந்தூக்கி அவற்றை எடுத்து மேலே வைத்தது. கோபுரத்தின் உச்சியில் டிசம்பர் 6-ந் தேதி சிலுவையும் 16-ந் தேதி தங்கச் சேவலும் ஏறின. 2024 மார்ச்சு 8-ந் தேதி கூரையின் கடைசிப் பகுதியும் முடிந்தது. வருஷக்கணக்கில் தரையில் நடந்த வேலை, மேலே பதினொரு மாதத்தில் நிறைவெய்தியது.

எனக்கு உடன்பாடில்லாத விஷயம் ஒன்று உண்டு. மரச்சட்டத்தின்மேல் மறுபடியும் ஈயத் தகடே வேய்ந்திருக்கிறார்கள். தீயின்போது ஈயத் தூசைச் சுவாசித்த அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தது நியாயமே. தீ பரவாமல் தடுக்கக் கூரையை இடையிடையே பிரித்திருப்பதும், நீரைப் பனிபோல் தெளிக்கும் குழாய்கள் பதித்திருப்பதும் வரவேற்கத்தக்கன.

ஜெனரல் ஜார்ஜலன் இதன் முடிவைக் காணவில்லை. 2023 ஆகஸ்டில் மலையேறச் சென்ற இடத்தில் விபத்தில் இறந்தார். அவருடைய பெயரைத் தச்சர்கள் கோபுரத்தின் மரத்தில் செதுக்கினார்கள். அவருக்குத் துணையாக இருந்த பிலிப் ஜோ பொறுப்பேற்று வேலையை நடத்தினார். 2024 டிசம்பர் 7-ந் தேதி தேவாலயத்தின் கதவுகள் மீண்டும் திறந்தன.