குழலை விட்டுட்டு ஃபிரேமைப் பாருங்க

ரிவால்வர் படம் ஒண்ணைப் பார்த்தால் நம்ம கண் முதலில் போவது குழலுக்குத்தான். குழல் குட்டை என்றால் "சின்ன துப்பாக்கி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் குழலை வெட்டலாம், பிடியைக் கழற்றி வேறு மாட்டலாம். இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் உலோகக் கூடுதான் ஃபிரேம். அதன் அளவு மட்டும் மாறாது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியை எடுத்துக்குவோம். ஃபிரேம் அளவுகளுக்கு அவர்கள் எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்துக்கு நாலு தெரிந்தால் போதும்.

ஜே: 1950-ல் வந்த சின்ன ஃபிரேம். சிலிண்டர் விட்டம் சுமார் 1.3 அங்குலம். .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்துதான் கொள்ளும்.

கே: 1899-ல் தொடங்கிய நடுத்தர அளவு, சுமார் 1.45 அங்குலம், ஆறு தோட்டா. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் சுமந்த 'மாடல் 10' இந்த வகைதான்.

எல்: 1980களின் தொடக்கத்தில் வந்தது, சுமார் 1.56 அங்குலம். கே ஃபிரேமில் .357 மேக்னம் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டபோது சிலவற்றில் குழலின் பின்முனை விரிசல் விட்டது. அதற்காகவே கனமாகச் செய்த ஃபிரேம் இது.

என்: 1908-ல் வந்த பெரியது, சுமார் 1.7 அங்குலம். .44 மேக்னம் சுடும் 'மாடல் 29' இதில் அடங்கும்.

தோட்டா எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். எல் ஃபிரேமிலேயே ஆறும் உண்டு, ஏழும் உண்டு.

அடுத்து பிடி. ஃபிரேமின் அடிப்பகுதி சதுர முனையாக இருக்கலாம், பின்பக்கம் உருட்டிய முனையாகவும் இருக்கலாம். மேலே மாட்டியிருக்கும் மரமோ ரப்பரோ அதை மறைத்துவிடும். உருண்டை முனை மேல் சதுரப் பிடி மாட்டுவது சகஜம். திருகைக் கழற்றி உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்த்தால்தான் உறுதி. கே, எல் இரண்டுக்கும் பிடி அளவு ஒன்றே. ஜே, என் பிடிகள் இவற்றுக்குப் பொருந்தாது.

இதெல்லாம் எதுக்கு என்கிறீர்களா? 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் லீ ஹார்வி ஆஸ்வால்டிடம் பிடிபட்ட ரிவால்வரைப் பாருங்கள். குழல் இரண்டேகால் அங்குலம்தான், பார்க்க சட்டைப்பைத் துப்பாக்கி மாதிரி. ஆனால் சிலிண்டரும் ஃபிரேமும் கே அளவு. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து 'விக்டரி மாடல்'. ஐந்து அங்குலக் குழலை யாரோ வெட்டிக் குறைத்து, பிரிட்டிஷ் .38 தோட்டாவுக்கான அறைகளை .38 ஸ்பெஷலுக்கு ஏற்றபடி குடைந்திருந்தார்கள்.

இந்த மாற்றம் விசாரணையையும் பாதித்தது. .38 ஸ்பெஷல் குண்டு அந்தப் பழைய குழலுக்குச் சற்று மெலிசு. அதனால் குழலுக்குள் இறுக்கமாகப் போகாமல், ஒவ்வொரு குண்டிலும் கீறல் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. போலீஸ்காரர் டிப்பிட்டின் உடலில் இருந்து எடுத்த குண்டுகளை இந்த ரிவால்வரோடு எஃப்.பி.ஐ. நிபுணர்களால் உறுதியாகப் பொருத்த முடியவில்லை. சம்பவ இடத்தில் கிடந்த காலித் தோட்டாக்கூடுகள்தான் பொருந்தின.

இந்த மாற்றம் தெரியாமல் அறிக்கையைப் படித்தால், குண்டு பொருந்தவில்லை என்ற ஒரு வரி பெரிய மர்மமாகத் தெரியும். தெரிந்து படித்தால் காரணம் புரியும். அதனால அடுத்த தடவை குட்டைக் குழல் படம் ஒன்றைப் பார்த்தால், குழலை விரலால் மறைத்துக்கொண்டு சிலிண்டரின் பருமனைப் பாருங்கள்.