பொறிக்குள் ஒரு பொறி



பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தோர் இல்லங்களில் பழைய பெட்டி ஒன்று இருக்கும். திருவிழா அழைப்பிதழும், தாத்தாவின் கடிதமும், குலவரிசை எழுதிய நோட்டும் அதனுள் உறங்கும். பிற்காலத்தில் அப்பெட்டியில் குறுந்தகடுகளும் சேர்ந்தன. நோட்டைத் திறந்தால் படிக்கலாம். குறுந்தகட்டைத் திறந்தாலோ பல வேளைகளில் படிக்க இயலுவதில்லை. அதனைப் படிக்கும் வழி ஒன்றை இன்று காண்போம்.

2003ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்து எங்களுடன் தங்கிய பாட்டியார் சொல்லச் சொல்ல, தாலாட்டுகளையும் நலுங்குப் பாடல்களையும் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்தோம். பாட்டியார் மறைந்துவிட்டார். அன்று நாங்கள் பயன்படுத்திய தமிழ்ச் சொற்செயலி விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கியது. இன்று எங்கள் கணிப்பொறியில் இருப்பதோ லினக்ஸ். அதில் அக்கோப்பைத் திறந்தபோது, பாட்டுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றின.

இதற்குக் காரணம் யாது? அந்நாளில் தமிழ் மென்பொருள்கள் பலவும் எழுத்துகளுக்குத் தமக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தன. தமிழக அரசு 1999இல் ஒரு தரத்தை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும், முன்னர் எழுதியவை பழைய வரிசையிலேயே தங்கிவிட்டன. ஆதலின், பழைய சொற்செயலியை மீண்டும் இயக்குவதே நேரிய வழி. அதற்குப் பழைய கணிப்பொறியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெய்நிகர் பொறி ஒன்று போதும்.

மெய்நிகர் என்றால் மெய்க்கு நிகரானது. ஒரு வீட்டின் ஒரு பகுதியில் ஒண்டுக்குடித்தனம் இருப்போரைப் போல, ஒரு கணிப்பொறியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பங்கைப் பெற்று, வேறோர் இயங்குதளம் குடியிருக்கும். தான் தனி வீட்டில் வாழ்வதாகவே அது எண்ணிக்கொள்ளும். இக்கருத்து புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணிப்பொறிகளுக்கு இத்தகைய மென்பொருளை அளித்தது. 2007இல் கே.வி.எம். என்னும் ஏற்பாடு லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

இனி, நிறுவும் முறையைக் காண்போம்.

முதலாவதாக, கணிப்பொறியின் செயலிக்கு இவ்வாற்றல் உண்டா என அறிதல் வேண்டும். முனையத்தில் எல்-எஸ்-சி-பி-யூ என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை இட்டால், விவரப் பட்டியல் தோன்றும். அதில் இன்டெல் செயலிக்கு வி.டி.-எக்ஸ் என்றும், ஏ.எம்.டி. செயலிக்கு ஏ.எம்.டி.-வி என்றும் இருந்தால் ஆற்றல் உண்டு. சில கணிப்பொறிகளில் அது பயாஸ் அமைப்பில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும்; அங்கே சென்று திறந்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, கியூஎமு, லிப்விர்ட், விர்ட்-மேனேஜர் ஆகிய மூன்றையும் உங்கள் லினக்ஸின் மென்பொருள் கிடங்கிலிருந்தே நிறுவுக. மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. பின்னர், உங்கள் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைக. இதனை மறந்தோர்க்கு அனுமதி இல்லை என்னும் மறுமொழியே கிட்டும்.

மூன்றாவதாக, விர்ட்-மேனேஜரில் புதிய பொறி ஒன்றைப் படைத்து, உரிமத்துடன் நீங்கள் வாங்கிய எக்ஸ்பி குறுந்தகட்டைக் காட்டுக. நினைவகத்தில் 1 ஜிகாபைட்டும், வட்டில் 20 ஜிகாபைட்டும் தாராளம். வட்டின் வகையை ஐ.டி.இ. எனக் குறிக்க வேண்டும். புதுவகை வட்டுகளை எக்ஸ்பி தானாக அறியாது.

நான்காவதாக, ஓர் எச்சரிக்கை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிவுற்றது. ஆதலால் அப்பொறிக்கு வலைப்பின்னல் இணைப்பைக் கொடுத்தலாகாது. கோப்புகளைப் பென் டிரைவ் வழியே உள்ளே கொண்டு செல்லலாம், வெளியே கொணரலாம்.

இவ்வாறு செய்து, பழைய சொற்செயலியை அதனுள் நிறுவினோம். பாடல்கள் எழுத்துப் பிசகாமல் தோன்றின. அவற்றை வெற்றுரையாகச் சேமித்து, ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படி எடுத்து வைத்தோம். இம்மாற்றத்தைச் செய்யாது விட்டால், நாளை மற்றொரு பொறியைத் தேட நேரும்.

குறுந்தகடுகளும் நாளடைவில் பழுதுறும் இயல்பின. ஆதலின், பெட்டியை இவ்வாரமே திறந்து பாருங்கள். எங்கள் மகள் இப்போது பாட்டியாரின் தாலாட்டை உரக்கப் படிக்கின்றாள். இடையிடையே ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கின்றாள். அதற்கு விடை கூறுதல் எந்தப் பொறியின் வேலையும் அன்று. அது நம் கடமை.