பெருமாளைச் சேவிக்கப் போகும் வழி

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தில் கூட்டம் அலைமோதும் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமை, ஈசூனிலிருந்து காரில் சென்ற நான், அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்த பிறகு காரை நிறுத்த ஓர் இடம் கிடைத்தது. பெருமாளின் அருள் என்று மகிழ்ந்தபடி இறங்கி நடந்தேன். சாலையோரத்தில் ஒருவர் தம் வயதான தந்தையைக் காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கார் நிறுத்த இடமில்லை. நன்றாக நடக்கக்கூடிய நான், அவருக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சம்பவத்திற்குப் பிறகே நம் பயணங்களைப் பற்றிச் சற்று ஆராயத் தொடங்கினேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோதான். ஆனால் அது எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. முக்கால் கிலோ எப்படி இவ்வளவு பெருகும்? பெட்ரோலில் உள்ள கரி, எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்கிறது. எடை கூடுவது அதனால்தான். ஈசூனிலிருந்து ஆலயத்திற்குப் போய்வர ஏறத்தாழ 30 கிலோமீட்டர். என் கார் அதற்கு 2.4 லிட்டர் குடிக்கும். அதாவது ஒரு தரிசனத்திற்கு ஐந்தரைக் கிலோ கரியமில வாயு. வாரந்தோறும் சென்றால் ஆண்டுக்கு 280 கிலோவுக்கும் மேல்!

"மின்சாரக் கார் வாங்கிவிட்டால் போதுமே" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது நல்லதுதான். அதற்குப் புகைக்குழாயே இல்லை என்பதால் தெருவின் காற்று கெடுவது குறைகிறது. ஆயினும் சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஆகவே கரியமில வாயு ஏறத்தாழ பாதியாகக் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. நம் அரசாங்கமும் படிப்படியாக நடவடிக்கை எடுத்து வருகிறது. புதிய டீசல் கார்கள், டாக்சிகள் ஆகியவற்றின் பதிவு 2025இல் நிறுத்தப்பட்டது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். 2040க்குள் எல்லா வாகனங்களும் அவ்வாறு மாற வேண்டும் என்பது இலக்கு. ஆனால் மின்சாரக் காரும் அதே சாலையைத்தான் அடைக்கும். அந்தப் பெரியவருக்கு வேண்டிய அதே இடத்தில்தான் நிற்கும்.

ரயிலும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. எனினும் அதை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பகிர்ந்துகொள்ளலாம். வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறக்கப்பட்டதிலிருந்து ஃபேரர் பார்க் நிலையம் பெருமாள் ஆலயத்திற்கு மிக அருகில் இருக்கிறது. நான் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி வருகிறேன். டேங்க் ரோடு முருகனைத் தரிசிக்க 2017இல் திறந்த ஃபோர்ட் கேனிங் நிலையமும், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைத் தரிசிக்க 2022இல் திறந்த மேக்ஸ்வெல் நிலையமும் வசதியானவை.

காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தாயாருக்கு முழங்கால் வலி அதிகமாக இருக்கும் நாளில் நானும் காரைத்தான் எடுக்கிறேன். அப்போது பக்கத்து வீட்டு மூதாட்டியையும் அழைத்துச் செல்கிறேன். அவர்களை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிடுவதில்லை. அவ்வாறு ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமுமாகும்.

தைப்பூசத்தன்று இதே பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடமும் காவடியும் சுமந்து நடக்கும் நமக்கு, ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை ஒரு பாரமா? நடக்க முடிந்தவர்கள் நடந்து வருவோம். நடக்க முடியாதவர்களுக்கு வாசலருகே இடம் விடுவோம். அதுவும் ஆண்டவனுக்குச் செய்யும் தொண்டுதான்.